அவனவன் மாட்டுக் குறையை அவனவன் சொல்லணும்

ஏலே பேராண்டி, உன் நோட்டீஸைப் பாத்தேன். வாட்சப்புல உங்க அம்மைக்கு வந்ததை அவ எனக்குத் தள்ளிவிட்டா. ‘எந்த வெப் ஃப்ரேம்வொர்க் சிறந்தது? மாபெரும் ஒப்பீடு’ன்னு மேல போட்டிருக்க. கீழ வரிசையா ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஸ்வெல்ட், ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், ஸ்பிரிங்னு எட்டு உருப்படி. இடம் மம்சாபுரம். நேரம் காலையில 10 மணியிலிருந்து 1 மணி வரைக்கும். ஆளுக்கு 20 நிமிசம்னா எட்டாளுக்கு 160 நிமிசம் ஆச்சு. மிச்சம் கிடக்கிற 20 நிமிசத்துல வரவேற்புரை, பொன்னாடை, டீ, கேள்வி பதில், நன்றியுரை, ஊடால ‘புரொஜெக்டர் வயரு யார்ட்ட இருக்கு’ன்னு தேடுற சோலி. அம்புட்டும் முடிச்சு, கடைசியில தீர்ப்பு வேற. கணக்குல நீ சின்னதுலயிருந்தே கெட்டிதான்.

இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. 2020 ஊரடங்குல நீ சென்னையில இருந்து மூட்டையைக் கட்டிட்டு வந்து திண்ணையில உக்காந்து வேலை பாத்தியே, அப்பப் பக்கத்துக் கட்டில்ல கண்ணை மூடிக் கிடந்தது யாரு? நான் தூங்குறேன்னு நீ நெனச்ச. உங்க மேனேஜர் பேசுனது ஒரு பாடம், நீ மைக்கை அமத்திட்டு அவரைப் பத்திப் பேசுனது இன்னொரு பாடம். பெறகு நீயே ஒரு போனும் வாங்கிக் குடுத்துட்ட. மழை இல்லாத வருசம் சம்சாரிக்கு வேற என்ன சோலி? ஒண்ணொண்ணா தேடிப் பாத்துக்கிட்டே கிடந்தேன்.

கூட்டம் போடுறது நல்ல காரியம்தான். சென்னையில லினக்ஸ்காரங்க மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை கூடுவாங்க, பைத்தான்காரங்க நாலாவது சனிக்கிழமை கூடுவாங்கன்னு நீதான் சொன்ன. 2019-ல பைகான் இந்தியா மாநாடே சென்னையில நடந்துச்சு. விழுப்புரத்துல ஒரு குனு லினக்ஸ் குழு இருக்கு, கிராமத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வச்சு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குது. நமக்குத் தெக்கே மத்தளம்பாறையில 2011-லயே ஜோஹோ வந்து உக்காந்துட்டான். அப்படி இருக்கையில மம்சாபுரத்துல கூடுனா என்ன குறைஞ்சு போச்சு? ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல கிடக்கிற ஊரு, ராம்கோ காலேஜ் பிள்ளைகளும் வரும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்துப் பிள்ளைகளும் வரும். கூடுங்க. கூடி என்ன பேசப் போறீகங்கிறதுலதான் எனக்கு விவகாரம்.

நான் மாட்டுத்தாவணிக்குப் போய் வந்தவன். உன் நோட்டீஸைப் பாத்ததும் எனக்குத் தாவணிதான் ஞாபகம் வந்துச்சு. அங்கே விக்கிறவன் ஒருத்தன், வாங்குறவன் ஒருத்தன், நடுவுல தரகன் ஒருத்தன். தரகன் துண்டைப் போட்டு மூடி, அடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவான். வாய் மட்டும் வெளியே ஓயாது. ‘கழுத்துல நுகத்தடியை வையி, தன்னால நடக்கும். சின்னப் பிள்ளை கூட ஓட்டலாம். தீனியே வேண்டாம், தண்ணியக் காட்டினாப் போதும்.’ ஏலே, விக்கிறவன் எவனாச்சும் ‘எம் மாடு உச்சி வெயில்ல சால்லயே படுத்துக்கும்’னு சொல்லிக் கேட்டிருக்கியா? சொல்ல மாட்டான். ஆனா வித்து முடிச்சு, காசை மடியில முடிஞ்சதுக்குப் பெறகு டீக்கடையில போய் உக்காருவான் பாரு, அப்பச் சொல்லுவான். ‘அப்பாடி, அந்தச் சனியன் ஒழிஞ்சுது. இடத்தான் பக்கம் கட்டினா இழுக்காது. வாய்க்காலைக் கண்டா நின்னுக்கிடும்.’ அந்த மாட்டோட ஜாதகம் டீக்கடையிலதான் இருக்கு. வாங்கினவன் அன்னேரம் ஊருக்கே போயிருப்பான்.

நீ போடப் போற கூட்டம் தாவணியா, டீக்கடையா? நோட்டீஸைப் பாத்தா தாவணின்னுதான் தெரியுது. எட்டு மாட்டுக்கும் எட்டுத் தரகன். அதுல பாதிப் பேரு லேப்டாப் மூடியில மாட்டுக்குச் சூடு போட்ட கணக்கா ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு வருவான். அவன்கிட்ட நடுநிலையா ஒப்பிடுன்னா எப்படி ஒப்பிடுவான்? அவன் போட்டிருக்கிற பனியனே அந்த ஃப்ரேம்வொர்க் குடுத்தது.

இன்னொண்ணு. உழவு மாட்டையும் கறவை மாட்டையும் ஒரே கயித்துல கட்டிருக்க. ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஸ்வெல்ட் நாலும் ஆளு பாக்குற திரையில வேலை செய்றது. ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், ஸ்பிரிங் நாலும் பின்னால சர்வர்ல கிடந்து கணக்கு வழக்கு பாக்குறது. ரியாக்ட் நல்லதா ஜாங்கோ நல்லதான்னு கேட்டா, எது எத்தனை லிட்டர் கறக்கும்னு உழவு மாட்டைப் பாத்துக் கேட்ட கதைதான். போதாக்குறைக்கு உன் ரியாக்ட்காரன் மேடை ஏறின உடனே, ‘முதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன், ரியாக்ட் ஃப்ரேம்வொர்க் இல்ல, லைப்ரரி’ன்னு ஆரம்பிப்பான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அவங்க தளத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. ஆனா அந்த வழக்குல அரை மணி நேரம் போயிரும், நீ நன்றியுரையை எடுத்துட வேண்டியதுதான்.

மாடு வாங்கத் தெரியாதவன் சுழியைப் பாப்பான். ஏறுபூரான் இருக்கா, இறங்குபூரான் இருக்கா, பாடைச்சுழி கிடக்கான்னு மாட்டைச் சுத்திச் சுத்தி வருவான். நீங்களும் சுழி பாக்குறீக. கிட்ஹப்புல எத்தனை ஸ்டார் விழுந்திருக்குன்னு எண்ணி, எண்ணிக்கை கூடினது ராசியான மாடுன்னு கயித்தைப் பிடிச்சிருதீக. ஸ்டாரைப் போட்டவன் ஒரு தடவையாவது ஏர் பூட்டியிருக்கானா? ‘பெறகு பாத்துக்கிடலாம்’னு ஒரு குத்து குத்திட்டுப் போனவன்தான் பாதிப் பேரு.

கொஞ்சம் விவரம் தெரிஞ்சவன் பல்லைப் பாப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்திருச்சான்னு வயசு கணிப்பான். அது தேவலை. ஜேக்வெரி 2006-ல வந்தது. கடை சேர்ந்து எம்புட்டோ காலம் ஆச்சு. உலகத்துல உள்ள வெப்சைட்டுகள்ல பாதிக்கு மேல இன்னைக்கும் அதுதான் ஏர் இழுக்குது. அதைப் பத்திப் பேச உன் நோட்டீஸ்ல ஒருத்தன் பேரையும் காணோம். கிழட்டு மாட்டைப் பத்திப் பேசினா யாரு கை தட்டுவா?

கெட்டிக்கார சம்சாரி கேக்குற கேள்வி வேற. ‘இது எந்த மண்ணுல வளந்துச்சு?’ம்பான். கரிசல்ல வளந்த மாட்டைக் கொண்டாந்து சேத்துல இறக்கினா கால் ஊணாது. அதைத்தான் உன் ஆளுககிட்ட முதல்ல கேக்கச் சொல்லுறேன். ஜாங்கோ எங்கே வளந்துச்சு? அமெரிக்காவுல கன்சாஸ் மாகாணத்துல லாரன்ஸ்னு ஒரு ஊரு. அங்கே உள்ளூர்ப் பத்திரிகை ஆபீஸ் ஒண்ணு, லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு. 2003-ல அங்கே வேலை பாத்த ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் கட்டினது, 2005-ல ஊருக்குக் குடுத்தாங்க. செய்தி காலையில வரும், சாயங்காலத்துக்குள்ள அதுக்கு ஒரு பக்கம் தயாராகணும். நிருபர்களுக்குக் கோடு எழுதத் தெரியாது, அவங்க தட்டச்சுப் பண்ண ஒரு பலகை வேணும். அதனாலதான் ஜாங்கோவோட கூடவே அட்மின் பக்கம்னு ஒண்ணு பொறந்தது. மண்ணைத் தெரிஞ்சுக்கிட்டா மாட்டோட குணம் தன்னால விளங்கிரும். பேரு ஜாங்கோ ரெயின்ஹார்ட்ங்கிற கிட்டார் வித்துவானோட பேரு. தீ விபத்துல இடது கையில ரெண்டு விரல் செயலத்துப் போனதுக்குப் பெறகும் வாசிச்சுப் பேரு வாங்கின மனுசன். நான் யூடியூப்ல கேட்டேன். மத்தியானத்துல கேக்க நல்லாருக்கு.

ரெயில்ஸ், 2004-ல டேவிட் ஹைனமியர் ஹான்சன் வெளியே விட்டது. பேஸ்கேம்ப்னு ஒரு வேலை நிர்வாக மென்பொருள் கட்டினப்ப, அதுல இருந்து உருவி எடுத்தது. சின்னக் கூட்டம் வேகமா ஒரு சரக்கைக் கட்டி விக்கணும், அதுக்கு வளந்தது. ரியாக்ட் ஃபேஸ்புக்குல வளந்தது. ஜோர்டன் வாக்னு ஒருத்தர் எழுதினது, 2013-ல வெளியே கொண்டாந்து காட்டினப்ப ஜாவாஸ்கிரிப்டுக்குள்ள எச்டிஎம்எல்லைக் கலக்குறானேன்னு நெறையப் பேரு மூஞ்சியச் சுளிச்சான். இன்னைக்கு அதே ஆளுக அது தெரியாதவனை இன்டர்வியூவுல கழிச்சு விடுதான். ஃபேஸ்புக்குக்கு ஆயிரக்கணக்குல இன்ஜினியர் இருக்கான், மாட்டுக்குத் தீனி வைக்க ஒருத்தன், குளிப்பாட்ட ஒருத்தன். உனக்கு? நீயும் உங்க சித்தப்பா மகனும்.

ஃப்ளாஸ்க் கதைதான் எனக்குப் பிடிச்சது. 2010-ல ஆர்மின் ரோனாகர்னு ஆஸ்திரியாக்காரர் ஏப்ரல் 1-ந்தேதி ஊரை ஏமாத்த, ஒத்தை ஃபைல்ல ஒரு ஃப்ரேம்வொர்க்னு வெளாட்டுக்கு ஒண்ணை விட்டாரு. சனம் அதை நெசம்னு நம்பிருச்சு. நம்புனது மட்டுமில்ல, இதுதான்யா வேணும்னு நின்னுது. அதுல இருந்து நெசமாவே ஃப்ளாஸ்க்கைக் கட்டினாரு. அதை உன் பட்டியல்ல காணோம். முட்டாள்கள் தினத்துல பொறந்ததுக்கு உன் கூட்டத்துல இடமில்ல போல.

இப்ப ஆங்குலர். கூகுள் வீட்டு மாடு. 2010-ல வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸை நம்பி ஊர் முச்சூடும் ஏர் பூட்டிருச்சு. 2016-ல ஆங்குலர் 2-ன்னு வந்துச்சு, பேருதான் ஒண்ணு, உடம்பு வேற. பழைய கோடு அதுல ஓடாது, மாத்தி எழுதணும். 2021 டிசம்பர் 31-ந்தேதியோட பழசுக்கு ஆதரவும் நின்னுபோச்சு. வாங்கினவன் கொட்டடியில இருந்த மாடு ஒருநாள் காலையில வேற மாடா நின்னா அவன் என்ன பண்ணுவான்? உன் ஆங்குலர் பேச்சாளர் இதைச் சொல்லுவாரா, இல்ல நேரா 2016-ல இருந்து கதையைத் தொடங்குவாரா? அதைப் பாத்தாலே தரகனா, உழுதவனான்னு தெரிஞ்சு போகும்.

தாவணியில இன்னொரு தில்லுமுல்லு உண்டு. கறவை மாட்டை முந்தின நாள் ராத்திரியில இருந்து கறக்காமக் கட்டி வச்சிருவான். மறுநாள் மடி பெருத்து, காம்பு விறைச்சு நிக்கும். பாத்தவன் பத்து லிட்டர் கறக்கும்னு வாயைப் பிளப்பான். வீட்டுக்குக் கொண்டாந்து ரெண்டாம் நாள் கறக்கையில தெரியும் சங்கதி. அதுக்குத்தான் நீங்க டெமோன்னு பேரு வச்சிருக்கீக. ரெயில்ஸ்காரர் 2005-லயே 15 நிமிசத்துல ஒரு வலைப்பதிவு கட்டிக் காட்டினாரு, உலகமே ஆடிப்போச்சு. அவரு திறமைசாலி, இல்லைங்கல. ஆனா அதைப் பாத்துட்டு வந்த ஒவ்வொருத்தனும் ஹலோ வேர்ல்டையே 15 நிமிசம் காட்டப் பழகிக்கிட்டான். ராத்திரியே கறக்காம வச்சிருந்து, காலையில மேடையில கறக்குறது. அதை உன் கூட்டத்துல தடை பண்ணு.

வேகப் பந்தயமும் வேண்டாம். டெக்எம்பவர்னு ஒரு கம்பெனி 2013-ல இருந்து எந்த ஃப்ரேம்வொர்க் ஒரு செகண்டுக்கு எத்தனை கோரிக்கைக்குப் பதில் சொல்லுதுன்னு அளந்து பட்டியல் போட்டுச்சு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ரேக்ளாவுல ஓடுற மாட்டைக் கொண்டாந்து பரம்படிக்கவா போற? உன் சைட்டுக்கு ஒரு செகண்டுக்கு ரெண்டு பேரு வந்தாலே நீ கேக் வெட்டுவ.

சரி, ஒப்பிடவே வேண்டாமான்னு கேப்ப. ஒப்பிடு. ஒரே துண்டு நிலத்தைக் காட்டி, அதுல எல்லாத்தையும் பூட்டிப் பாரு. வெளிநாட்டுல அதைச் செஞ்சிருக்கான். டூடூ எம்விசின்னு ஒண்ணு, ஒரே வேலைப் பட்டியலை ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்குலயும் எழுதி வரிசையா வச்சிருக்கான். ஆனா வேலைப் பட்டியல் நமக்கு எதுக்கு? ‘பால் வாங்கணும், மறக்காதே’ன்னு சொல்ல உங்க ஆச்சி இருக்கா. நம்ம ஊர் நிலம் ஒண்ணு சொல்லுறேன். மொய் நோட்டு.

சிரிக்காத. மதுரை, தேனிப் பக்கம் மொய்யைக் கம்ப்யூட்டர்ல எழுதி ரசீது குடுக்கிற ஆளுக வந்து வருசக்கணக்காச்சு. நீ மொய் நோட்டைச் சாதாரணமா நெனக்காத. அதுல உங்க ஃப்ரேம்வொர்க் அம்புட்டும் முட்டி போட்டிரும், எப்படின்னு கேளு.

முதல்ல பேரு. வெள்ளைக்காரன் ஃபாரத்துல முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம் இருக்கும். நம்ம மொய் நோட்டுல ஊரு, தெரு, இனிஷியல், பேரு, ‘டீக்கடை’, ‘பழைய தலைவர்’, ‘மில்லு வீடு’ன்னு ஒரு அடையாளம், அதுக்குப் பெறகுதான் ரூபா. ஒரே தெருவுல ஒரே இனிஷியல்ல ஒரே பேருக்காரன் ரெண்டு பேரு இருப்பான். எவன் எவன்னு டேட்டாபேஸ் எப்படிப் பிரிக்கும்?

பெறகு தமிழ். நம்ம ஊர் பேரையே எடுத்துக்க, மம்சாபுரம். ஒண்ணாப்புப் பிள்ளை எண்ணினா 6 எழுத்து. மெஷின் எண்ணினா 10. புள்ளி, கால், கொக்கி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுது. யுடிஎஃப்-8-ல வச்சா ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக 30. ‘பேரு 20 எழுத்துக்குள்ள இருக்கணும்’னு நீ கட்டம் போட்டா, எவன் பேரோ பாதியில அறுந்து நிக்கும். அவன் மொய்யே வைக்கலன்னு போயிருவான். வரிசைப்படுத்தினா இன்னும் கூத்து. கமலம் முந்தி, கனகம் பிந்தி. இது பள்ளிக்கூடத்துல படிச்ச வரிசை. யுனிகோடு அட்டவணையில ‘ன’ங்கிறவன் ‘ந’வுக்குப் பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்கிறான். அந்த எண்ணை வச்சு வரிசைப்படுத்தினா கனகம் முந்திக்கிடுவா. இதைச் சரி பண்ண டேட்டாபேஸ்ல தமிழ் வரிசைக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு, அதைச் சொல்லிவிடணும். உன் எட்டுத் தரகன்ல எவன் இதை இதுவரைக்கும் தொட்டிருக்கான்னு கேளு. கேட்டுட்டு ரெண்டு நிமிசம் சும்மா உக்காரு.

அடுத்து நேரம். காலையில 7 மணிக்கு மொய்க்காரன் ஈ ஓட்டிக்கிட்டு இருப்பான். தாலி கட்டி முடிஞ்சு, பந்தி எந்திரிச்ச அரை மணி நேரத்துல அம்புட்டுச் சனமும் மேசைக்கு முன்னால நிக்கும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கத்தும். ரெண்டு லேப்டாப்புல ரெண்டு பேரு எழுதுவான். ரெண்டு பேருக்கும் ரசீது நம்பர் 87-ன்னு விழுந்தா என்ன பண்ணுவ? அந்நேரம் பாத்து மண்டபத்துல இருக்கிற எல்லாப் போனும் டவரைப் பிடிச்சு இழுத்து நெட்டு செத்துப் போகும். நெட்டு இல்லாம எழுதி வச்சுக்கிட்டுப் பெறகு அனுப்புமா? ரசீது அடிக்கிற சின்ன பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, படமா மாத்தித்தான் அனுப்பணும்னு எந்த ஃப்ரேம்வொர்க்காரன் சொல்லிக் குடுத்தான்?

இதுக்கெல்லாம் மேல செய்முறைக் கணக்கு. ஒருத்தன் 1,001 ரூபா வச்சா அது வெறும் 1,001 இல்ல. போன தடவை அவன் வீட்டுக் காதுகுத்துக்கு நாம 501 வச்சோம், அதைத் திருப்பி, மேல 500 புதுசா வைக்கிறான். இப்ப பாக்கி நம்ம மேல. அவன் அண்ணன் தம்பி பிரிஞ்சு தனிக்குடித்தனம் போயிட்டா பழைய பாக்கியை யாரு பேருல எழுதுவ? ராத்திரி கணக்கு முடிக்கையில நோட்டும் பணமும் ஒத்து வரணும். நடுவுல எவனாச்சும் ஒரு வரியை அழிச்சா, யாரு எப்ப அழிச்சான்னு காட்டணும். எவன் எம்புட்டு வச்சான்னு எல்லாக் கண்ணுக்கும் தெரியவும் கூடாது. தாய்மாமன் எம்புட்டு வச்சான்னு தெரிஞ்சா அன்னைக்கே ரெண்டு குடும்பம் பேச்சு முறிஞ்சிரும்.

இந்த நிலத்துல இறக்கிவிட்டுப் பாரு, எவனெவன் எங்கெங்க படுக்கான்னு தெரியும். ஜாங்கோக்காரன் அட்மின் பலகையும் லாகினும் கையோட கொண்டாருவான், மேசைக்காரன் அன்னைக்கே எழுத ஆரம்பிச்சிரலாம். ரியாக்ட்காரன் திரையைப் பளபளன்னு காட்டுவான், ‘பணக் கணக்கை எங்கேப்பா வச்சிருக்க’ன்னா பின்னால திரும்பிப் பாப்பான், அங்கே வேற ஒரு மாடு வேணும். ஃப்ளாஸ்க்காரன் ஒரு கயித்தை மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை நீயே பாத்துக்கம்பான். லாராவெல்காரனுக்கு ஒரு தெம்பு உண்டு, பிஹெச்பி தெரிஞ்ச ஆளு இந்த வட்டாரத்துல எந்த ஊர்லயும் கிடைப்பான், வாடகை சர்வரும் சல்லிசு. ஸ்பிரிங்காரன் ரசீது நம்பர் தகராறு வராமக் கட்டித் தருவான், ஆனா ஒரு கல்யாணத்துக்கு பேங்கையே தூக்கிட்டு வந்த கணக்கா இருக்கும். நெட்டு இல்லாம எழுதுற விசயம் பிரவுசர்ல சர்வீஸ் ஒர்க்கர்னு ஒண்ணு செய்றது, அதுக்கு எந்த ஃப்ரேம்வொர்க்கும் மார் தட்ட முடியாது.

இப்பச் சட்டத்தைக் கேளு. எட்டு வேண்டாம், மூணு போதும். முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ரெண்டு. பேச வர்றவன் அந்த மாட்டை வச்சு ஒரு வருசமாவது உழுதிருக்கணும், போன வாரம் படிச்சவன் கீழ உக்காந்து டீ குடிக்கட்டும். மொய் நோட்டை முன்கூட்டியே அனுப்பிரு, கட்டிட்டு வரட்டும். 5 நிமிசம் ஓட்டிக் காட்டலாம். மிச்ச நேரம் பூராவும் அவன் மாட்டோட குறையை அவன்தான் சொல்லணும். அடுத்தவன் மாட்டைப் பத்தி ஒரு வார்த்தை வரப்படாது.

எந்தக் குறைன்னு முழிப்பான், எடுத்துக் குடு. ஜாங்கோக்காரா, உன் மாடு ஒத்தைச் சால்ல ஓடப் பழகினது, அசிங்க் வியூன்னு 2020-ல 3.1-லதானே வந்துச்சு, டேட்டாபேஸ் பக்கம் இன்னும் முழுசா வரலையே, அதைச் சொல்லு. ரியாக்ட்காரா, கிளாஸ் காம்பொனென்ட்னு எழுதப் பழக்கிட்டு, 2019-ல ஹூக்ஸ்னு வந்து எல்லாத்தையும் மாத்தி எழுத வச்சியே, அதைச் சொல்லு. வியூக்காரா, ரெண்டுல இருந்து மூணுக்குப் போறதுக்குள்ள எத்தனை பிளக்கின் கூட வரலன்னு சொல்லு. ரெண்டாம் பதிப்புக்கு 2023 கடைசியோட ஆதரவை நிறுத்திட்டாங்களே, உன் ஆபீஸ்ல இன்னும் எத்தனை புராஜெக்ட் அதுலயே ஓடுதுன்னும் சொல்லு. ரெயில்ஸ்காரா, எங்கே இருந்து எது வருதுன்னு தெரியாம எந்த ராத்திரி முழிச்சுக் கிடந்தன்னு சொல்லு. ஸ்பிரிங்காரா, ஜாவாக்ஸ்னு இருந்த பேரெல்லாம் ஜகார்த்தான்னு மாறினப்ப எத்தனை ஃபைலைத் திருத்தினன்னு சொல்லு. இப்படிக் கேட்டா, ஒருத்தன் ஆரம்பிச்சு வைப்பான், பெறகு பாரு, அடுத்தவன் ‘இது என்ன பிரமாதம், என் கதையைக் கேளு’ன்னு தன்னால எந்திரிச்சு வருவான். ஒருத்தன் மாட்டை ஒருத்தன் குறை சொன்னா அடிதடி. அவனவன் மாட்டை அவனவன் திட்டினா, அதை விடச் சுகமான பேச்சு ஏது?

‘சிம்பிள்’, ‘ஃபாஸ்ட்’, ‘ஸ்கேல் ஆகும்’ இந்த மூணு வார்த்தையில எதைச் சொன்னாலும் 10 ரூபா அபராதம். வாசல்ல ஒரு உண்டியலை வையி. டீச் செலவுக்கு ஸ்பான்சரே தேட வேண்டாம்.

தேதியைப் பாத்து வையி. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்னைக்கு வச்சிராத, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருந்து ஒரு ஈ காக்கா வராது, நானே வர மாட்டேன். முகூர்த்த நாள்ல வச்சா சமுதாயக்கூடம் கிடைக்காது. கிடைச்சாலும் வர்றவன் பாதிப் பேரு மொய் வைக்கப் போயிருவான், நெசமான மொய். கரண்டு ஆபீஸ்ல மாதாந்திரப் பராமரிப்பு என்னைக்குன்னு கேட்டுக்க, இல்லன்னா மூணு மணி நேரமும் லேப்டாப் பேட்டரியைப் பத்தித்தான் ஒப்பீடு நடக்கும். கூட்டத்துக்கு ஊடால பால்கோவா வாங்கிக் குடுக்காத. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவா, தின்னவன் தூங்கிருவான். கூட்டம் முடிஞ்ச பெறகு குடு.

பரிசு வைக்கணும். தன் மாட்டைப் பத்தி எவன் ரொம்ப நேர்மையாக் குறை சொன்னானோ அவனுக்கு ஒரு கிலோ கோவா. தீர்ப்பு நான் சொல்லுறேன். கோடு எழுதத் தெரியாத கிழவன் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம்னு எவனாச்சும் கேப்பான். ‘நீ எழுதினதுல நாளைக்கு மொய் எழுதப் போறது யாரு, அவருதான்’னு சொல்லு. வர்றப்ப நம்ம வீட்டுப் பழைய மொய் நோட்டைக் கையோட எடுத்தாறேன். உங்க அத்தை கல்யாணத்துல யாரோ ஒருத்தன் வெறும் ‘வடக்கே’ன்னு மட்டும் எழுதி 51 ரூபா வச்சிருக்கான், அவனை இன்னைக்கு வரைக்கும் எங்களால கண்டுபிடிக்க முடியல. மூணு பேருக்கும் அதைத்தான் முதல் வரியா குடுக்கப் போறேன். முன்கூட்டியே எவன்ட்டயும் சொல்லிப்பிடாத. அந்த ஒரு கிலோவுல கால் கிலோ நடுவருக்குன்னு செலவுக் கணக்குல இப்பவே எழுதி வச்சிரு, உங்க ஆச்சிக்குத் தெரிய வேண்டாம், சர்க்கரை சர்க்கரைன்னு கத்துவா.